அரியருக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவே

கல்லூரியில் ஒரு மாணவர் சிக்கலுக்குள்ளாவது பெரும்பாலும் இரண்டு விதங்களில்தான். ஒன்று படிப்பு: இன்டர்னலில் குறைந்த மதிப்பெண், வருகைக் குறைவு, அரியர். மற்றது நடத்தை: ராகிங், வகுப்பறைத் தகராறு, தேர்வில் பிட், குடித்துவிட்டு வருவது, பேருந்து வழித்தட மோதல். முன்னதற்கு ஃபெயில், பின்னதற்கு டி.சி. என்று முடித்துவிடுவது பழைய காலத்து வழக்கம். இன்றுள்ள விதிகள் அப்படி முடித்துவிட இடம் தருவதில்லை. சிறப்பு வகுப்பு, ஆலோசகர் ஆசிரியர், மனநல ஆலோசனை, சமூகப் பணி என்று திருத்துவதற்கான ஏற்பாடுகளைத் தண்டனைக்கு முன்னால் வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடுகளுக்குக் காகிதத்தில் குறைவில்லை. அவை மாணவரைச் சென்று சேரும் நேரமும் விதமும்தான் சிக்கல்.

எழுபத்தைந்து சதவீதம்

எல்லாம் வருகைப் பதிவேட்டில் தொடங்குகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். உடல்நலக் குறைவு, விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தால் 65 வரை இறங்கலாம். அதற்கும் கீழே போனால் தேர்வு கிடையாது. அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். கலை, அறிவியல் கல்லூரிகளில் இன்னும் நுணுக்கமான படிகள் உண்டு. பல பல்கலைக்கழகங்களில் 65 முதல் 74 வரை உள்ளவர்கள் கட்டணம் கட்டி 'கண்டோனேஷன்' பெறலாம். 50 முதல் 64 வரை உள்ளவர்கள் இந்த முறை எழுத முடியாது, அடுத்த முறை எழுதலாம். 50-க்கும் குறைந்தால் 'ரீ-டூ', அதாவது திரும்பப் படிப்பது.

எண்ணாகப் பார்த்தால் இந்த வரம்பு கடுமையானதல்ல. 90 வேலை நாள் கொண்ட செமஸ்டரில் 22 நாள் வராமல் இருந்தாலும் 75 சதவீதம் தேறிவிடும். கவனிக்க வேண்டியது இந்த விதியின் விளைவு. ஒற்றைப்படை செமஸ்டர் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். எனவே ஒரு செமஸ்டரைத் தவறவிட்டவருக்கு ஓராண்டு போகிறது. கூடப் படித்தவர்கள் சீனியர்களாகிவிடுவார்கள். கல்வி உதவித்தொகையில் குழப்பம் வரும். வீட்டில் கேள்வி எழும். ரீ-டூ வாங்கியவர் சத்தமில்லாமல் படிப்பை விட்டுவிடுவது இதனால்தான்.

வருகை ஏன் குறைந்தது என்று விசாரிக்கும் வழக்கம் அநேகமாக இல்லை. அரசு கலைக் கல்லூரிகளில் ஷிப்ட் முறை இருப்பதால், காலை வகுப்புக்காரர் மதியம் வேலைக்குப் போவார். மதிய வகுப்புக்காரர் விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போவார். முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலை, இரவில் உணவு டெலிவரி, விதைப்பும் அறுப்பும் வந்தால் ஊரில் ஆள் தேவை. இவற்றுக்கெல்லாம் பதிவேட்டில் இருப்பது ஒரே குறி, 'ஆ'. செமஸ்டர் கடைசியில் பட்டியல் ஒட்டப்பட்ட பிறகு துறை அலுவலக வாசலில் வரிசை நிற்கும். கையில் மருத்துவச் சான்றிதழ் இருக்கும். நான்கு வெவ்வேறு மாதங்களில் விடுப்பு எடுத்த பத்துப் பேருக்கும் ஒரே கிளினிக்கின் முத்திரை, ஒரே காய்ச்சல். கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். கட்டணம் கட்டி ரசீது வாங்கியதும் விஷயம் முடிந்துவிடுகிறது. வேலைக்குப் போகும் மாணவருக்கு என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் தொடாமல் கிடக்கிறது.

'கப்' வாங்கியவர்கள்

மாணவர் வழக்கில் அரியருக்கு 'கப்' என்று பெயர். முதல் செமஸ்டர் முடிவு வந்த இரவில் விடுதியில் "உனக்கு எத்தனை கப்?" என்பதுதான் பேச்சு. அதில் கேலி உண்டு, ஆறுதலும் உண்டு.

பொறியியலில் முதலாண்டு கணிதம்தான் பெரும்பாலோருக்கு முதல் அடி. அணிகளும் நுண்கணிதமும் பிளஸ் டூவிலேயே வந்தவைதான். ஆனால் புத்தகப் பின்பக்கக் கணக்குகளை அப்படியே மனப்பாடம் செய்து நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவருக்கு, கேள்வியின் வடிவம் மாறியதும் கை நின்றுவிடுகிறது. தமிழ் வழியில் படித்தவருக்குக் கணக்கு தெரிந்திருந்தும் கேள்வி புரியாத சிரமம். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேருபவர் முதலாண்டுக் கணிதத்தைத் தொடாமலேயே மூன்றாம் செமஸ்டர் கணிதத்தில் உட்கார்கிறார். இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏற்பாடு இருக்கவே செய்கிறது. முதலாண்டு தொடக்கத்தில் மூன்று வார அறிமுகப் பயிற்சியை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) வகுத்தது. கல்லூரிகள் இணைப்புப் பாடம் நடத்துகின்றன. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியிலேயே தொடங்கப்பட்டன. 2021-இல் அரசுப் பள்ளி மாணவருக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. இடம் கிடைத்தவரை முதலாண்டிலேயே தடுக்கி விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அதோடு கல்லூரிகளுக்கு வந்து சேர்ந்தது. அறிமுகப் பயிற்சியின் மூன்று வாரமும் பல இடங்களில் விருந்தினர் உரையிலும் யோகாவிலும் கழிந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழக விதிமுறையில் வகுப்புக் குழு என்று ஒன்று உண்டு. அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஓர் ஆசிரியர் அதற்குத் தலைவர். பாட ஆசிரியர்களும் மாணவர் பிரதிநிதிகளும் உறுப்பினர்கள். செமஸ்டர் தொடங்கிய ஒரு வாரத்துக்குள் முதல் கூட்டம், பிறகு இடைவெளி விட்டு இன்னும் இரண்டு மூன்று கூட்டங்கள். வகுப்பில் பின்தங்குபவரைக் கண்டறிந்து, அவருக்குக் கூடுதல் உதவி செய்யும்படி பாட ஆசிரியரைக் கேட்டுக்கொள்வது இக்குழுவின் பணிகளில் ஒன்றாக வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரி விதிகளில் இவ்வளவு நல்ல விதி அதிகம் இல்லை. நடைமுறையில் கூட்டக் குறிப்பில் இடம்பெறுவது "லேப்பில் ஃபேன் ஓடவில்லை", "யூனிட் மூன்றை வேகமாக நடத்திவிட்டார்கள்" போன்றவையே. பாட ஆசிரியர் எதிரில் உட்கார்ந்திருக்க, தனக்குப் புரியவில்லை என்று எந்த மாணவர் வாய் திறப்பார்?

அடுத்தது ரெமிடியல் கிளாஸ். முதல் இன்டர்னலில் 50-க்குக் கீழே வாங்கியவர்களின் பெயர்களைத் தொகுத்து 'மெல்லக் கற்போர்' என்று தலைப்பிட்டுப் பட்டியல் தயாராகிறது. தர மதிப்பீட்டுக்கு வரும் நாக் குழுவுக்கு இந்தப் பட்டியல், கால அட்டவணை, வருகைக் கையெழுத்து எல்லாம் காட்ட வேண்டும். ஆகவே கோப்பு எப்போதும் ஒழுங்காக இருக்கும். வகுப்பு மாலை நான்கு மணிக்கு மேல். கல்லூரிப் பேருந்து அதற்குள் கிளம்பிவிடும். அதை விட்டால் ஊருக்குப் போக இரண்டு டவுன் பஸ் மாற வேண்டும். இப்படிப்பட்ட கல்லூரிகளில் சிறப்பு வகுப்புக்கு வந்து உட்காருபவர் விடுதி மாணவர் மட்டும்தான். வெளியூர் மாணவர் பட்டியலில் இருப்பார், பேருந்தில் இருப்பார்.

வகுப்பில் நடப்பதும் ஒரே மாதிரி. பழைய வினாத்தாள்களைப் புரட்டி, திரும்பத் திரும்ப வரும் இரண்டு மதிப்பெண் கேள்விகளைக் குறித்துக் கொடுப்பது, 'இந்த ஐந்து பெரிய கேள்வியைப் பார்த்துக்கொண்டால் பாஸ்' என்பது. இதனால் தேர்ச்சி விகிதம் ஏறுவது உண்மை. ஆனால் முதல் செமஸ்டரில் ஐந்து கேள்வியைப் பார்த்து வகைக்கெழுவைக் கடந்தவர், மூன்றாம் செமஸ்டரில் அதே இடத்தில் மறுபடி தடுக்குகிறார். நோய் இருக்க அறிகுறிக்கு மட்டும் மருந்து கொடுப்பதைத் திருத்தம் என்று கணக்கு வைக்க முடியாது. விதிவிலக்கும் இருக்கிறது. நள்ளிரவு வரை விடுதி அறையில் நடக்கும் கம்பைன்ட் ஸ்டடியில், முந்தைய ஆண்டு இதே பாடத்தில் விழுந்து எழுந்த சீனியர் சொல்லிக்கொடுப்பது பல நேரம் ஆசிரியர் வகுப்பைவிட நன்றாக ஏறுகிறது. எங்கே புரியாமல் போகும் என்பது அவருக்குத் தெரியும். இதைப் பகலுக்குக் கொண்டுவந்து, சொல்லிக்கொடுக்கும் சீனியருக்கு ஏதேனும் மதிப்பெண்ணோ சன்மானமோ தருவதற்குப் பெரிய செலவு ஆகாது.

நான்காண்டு பி.இ. படிப்பை முடிக்க அதிகபட்சம் ஏழாண்டு அவகாசம். அதையும் தாண்டியவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அறிவிக்கின்றன. இருபது ஆண்டுக்கு முந்தைய அரியரை எழுத நரைத்த தலையோடு வருபவர்களும் உண்டு. இந்தத் தேக்கம் எவ்வளவு பெரியது என்பது 2020 ஆகஸ்டில் தெரிந்தது. கொரோனா காலத்தில், தேர்வுக் கட்டணம் செலுத்தியிருந்த அரியர் மாணவர்களுக்கு, இறுதிப் பருவம் நீங்கலாக, தேர்விலிருந்து விலக்களித்து அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஊர் ஊராக நன்றி போஸ்டர்கள் ஒட்டப்பட்டன. ஏஐசிடிஇ எதிர்த்தது. அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் பாலகுருசாமி சென்னை உயர் நீதிமன்றம் போனார். தேர்வே எழுதாமல் அரியரை ரத்து செய்வதை ஏற்க முடியாது என்று 2021-இல் நீதிமன்றம் சொன்னது. அந்தக் கூச்சலில் அரசியல் பேசப்பட்ட அளவுக்கு, அத்தனை பேர் ஏன் அரியரோடு நின்றார்கள் என்பது பேசப்படவில்லை.

மருத்துவக் கல்வி இந்த இடத்தில் கொஞ்சம் புத்திசாலித்தனமாக நடந்துகொள்கிறது. 2019-இல் நடைமுறைக்கு வந்த திறன் சார்ந்த பாடத்திட்டத்தில், உள்மதிப்பீட்டில் குறைந்தவருக்குப் பல்கலைக்கழகத் தேர்வுக்கு முன்பே திருத்தப் பயிற்சி கொடுக்க வேண்டும். தோற்றவருக்கு முடிவு வந்த சில வாரங்களில் துணைத் தேர்வு. தேறினால் கூடப் படித்தவர்களோடே தொடரலாம். முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு முயற்சி என்ற கடிவாளமும் உண்டு. கலை, பொறியியல் பக்கம் இதை ஒத்த உடனடித் தேர்வு பெரும்பாலும் கடைசி செமஸ்டரில் ஒரு பாடம் மட்டும் மீதமிருப்பவருக்கே கிடைக்கிறது. முதலாண்டில் விழுந்தவருக்குத்தான் அது அதிகம் தேவை.

மென்டார் நோட்டு

படிப்பும் நடத்தையும் சந்திக்கும் இடம் டியூட்டர் அல்லது மென்டார். இருபது முப்பது மாணவருக்கு ஓர் ஆசிரியர். அவரிடம் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவேடு இருக்கும்: புகைப்படம், ரத்த வகை, அப்பாவின் தொழில், செல்போன் எண், செமஸ்டர் வாரியாக மதிப்பெண், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைப் படித்தால் கல்லூரி தெரிந்துவிடும். பல நோட்டுகளில் எட்டு செமஸ்டருக்கும் ஒரே வாசகம், 'நன்றாகப் படிக்குமாறு அறிவுறுத்தப்பட்டது'. ஒரே பேனா, ஒரே மை. நாக் வருகைக்கு முந்தைய இரவில் உட்கார்ந்து நிரப்பியது. அபூர்வமாகச் சில நோட்டுகளில் வேறு மாதிரி எழுத்து இருக்கும்: தாய்க்கு அறுவை சிகிச்சை, இரு வாரம் வரமாட்டார்; விடுதிக் கட்டணம் பாக்கி, செயலரிடம் பேசியாயிற்று; கண் பார்வை குறைவு, முன் வரிசை. அப்படி எழுதும் ஆசிரியரிடம் மாணவர்கள் தாங்களாகவே போகிறார்கள். தொகுப்பூதியத்தில் வாரத்துக்கு இருபது மணிநேரம் பாடம், அட்மிஷன் வேலை, தேர்வுப் பணி என்று ஓடும் ஆசிரியரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமா என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது. மென்டார் வேலைக்குக் கால அட்டவணையில் ஒரு மணிநேரம்கூட ஒதுக்காத கல்லூரி, அந்த வேலை நடக்கிறது என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

"அப்பாவைக் கூட்டிட்டு வா"

நடத்தைப் புகாரில் முதல் கட்டளை இதுதான். அப்பா தினக்கூலியாக இருந்தால் ஒருநாள் சம்பளம் போகும். எச்.ஓ.டி. அறையில் அவர் கைகட்டி நிற்க, மகனைப் பற்றிய புகார் அவர் முன்னிலையில் வாசிக்கப்படும். அடுத்து மன்னிப்புக் கடிதம். 'இனிமேல் இதுபோன்ற தவறில் ஈடுபட மாட்டேன், மீறினால் கல்லூரி எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்' என்ற வாசகம் அலுவலகத்தில் தயாராக இருக்கும்; மாணவர் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவார். என்ன தவறு, யாருக்கு அதனால் பாதிப்பு என்று அவர் சொந்த வாக்கியத்தில் ஒரு வரியும் எழுத வேண்டியதில்லை. திருத்தம் என்று பார்த்தால் இந்தக் கடிதத்துக்குப் பயன் ஏதுமில்லை. அடுத்த முறை தண்டிப்பதற்கு ஆதாரமாகும், அவ்வளவே.

விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்பதை நீதிமன்றங்கள் வெகு காலத்துக்கு முன்பே வரையறுத்துவிட்டன. தேர்வில் காப்பியடித்ததாக உத்தரப் பிரதேசத்தில் மூன்று மாணவரின் முடிவுகள் ரத்தான வழக்கில், அவர்கள் தரப்பைக் கேட்காமல் முடிவெடுத்தது தவறு என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவியர் விடுதிக்குள் புகுந்த ராஞ்சி மருத்துவக் கல்லூரி மாணவர் வழக்கில் 1973-இல் வேறொன்றைச் சொன்னது: புகார் கொடுத்த மாணவியரை எதிரில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியதில்லை. கல்லூரி விசாரணை நீதிமன்ற விசாரணை அல்ல. ஆனாலும் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், பதில் சொல்ல நேரம் தர வேண்டும். மெமோ கொடுத்த அன்றே சஸ்பென்ஷன் உத்தரவும் தட்டச்சாகிவிடும் கல்லூரிகள் உயர் நீதிமன்றத்தில் தோற்பது இந்த இடத்தில்தான்.

ராகிங் விஷயத்தில் தமிழ்நாட்டுக்குத் தனி வரலாறு உண்டு. 1996 நவம்பரில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு சீனியர் மாணவரால் கொலை செய்யப்பட்டார். அவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பொன்னுசாமியின் மகன். அடுத்த ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது: இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், குற்றம் உறுதியானால் கல்லூரியிலிருந்து நீக்கம். நாவரசு கொலை வழக்கு கீழ் நீதிமன்றத்தில் தண்டனை, உயர் நீதிமன்றத்தில் விடுதலை என்று போய், 2011-இல் உச்ச நீதிமன்றத்தில் தண்டனை உறுதியாகி முடிந்தது. தேசிய அளவில் ராகிங் குறித்து ஆராய்ந்த ராகவன் குழு 2007-இல் அறிக்கை தந்தது. 2009-இல் இமாச்சலப் பிரதேசத்தின் டாண்டா மருத்துவக் கல்லூரியில் மாணவர் அமன் கச்ரூ ராகிங்கில் இறந்த பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ஒழுங்குமுறை வந்தது. அதன் தண்டனைப் பட்டியல் நீளமானது: வகுப்பிலிருந்து இடைநீக்கம், உதவித்தொகை நிறுத்தம், தேர்வுத் தடை, விடுதி நீக்கம், ஒன்று முதல் நான்கு செமஸ்டர் வரை வெளியேற்றம். அதே ஒழுங்குமுறையில் ஆறு புதிய மாணவருக்கு ஒரு சீனியர் வழிகாட்டி என்ற ஏற்பாடும், முதல் மூன்று மாதம் இரு வாரத்துக்கொருமுறை பெயர் குறிப்பிடாத கணக்கெடுப்பும் இருக்கின்றன. உறுதிமொழிப் பத்திரத்தில் பெற்றோரின் கையெழுத்தைத் தவறாமல் வாங்கும் கல்லூரிகள் இந்த இரண்டையும் வசதியாக மறந்துவிடுகின்றன.

பாலியல் துன்புறுத்தல் குறித்த 2015 யுஜிசி ஒழுங்குமுறை இன்னொரு படி மேலே போய், தவறு செய்த மாணவருக்குக் கட்டாய ஆலோசனை, சமூகப் பணி போன்ற சீர்திருத்தத் தண்டனைகளையும் விதிக்கலாம் என்கிறது. சமூகப் பணிக்கு நீதிமன்றமே முன்மாதிரி காட்டியதும் உண்டு. குடித்துவிட்டு வகுப்புக்கு வந்ததால் மூன்றாம் ஆண்டில் சேர்க்க மறுக்கப்பட்ட எட்டு மாணவரை, 2019 சுதந்திர தினத்தன்று விருதுநகர் காமராஜர் நினைவு இல்லத்தைச் சுத்தம் செய்து, மாலையில் மது எதிர்ப்புப் பிரசாரம் செய்யச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. படிப்பு பறிபோகாமல், தவறும் கண்டும் காணாமல் விடப்படாமல் தீர்வு கிடைத்தது. அதே ஆண்டு சென்னையில், அரும்பாக்கத்தில் பட்டாக்கத்தியோடு நடந்த பேருந்து மோதலுக்குப் பிறகு, வழித்தட மாணவர் கூட்டங்களுக்குத் தலைவர்களான 'ரூட் தல'களைக் காவல் துறை பட்டியலெடுத்து நன்னடத்தைப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கியது. கல்லூரியில் தீர வேண்டியது காவல் நிலையத்தில் தீர்க்கப்பட்டது. 'ரூட் தல'கள் ஒழியவில்லை.

பட்டியலில் பெயர்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். உயர்கல்வி மாணவர்களின் மனநலம் குறித்து ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில் வேறொரு வழக்கில் பதினைந்து வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள நிறுவனத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. படிப்புத் திறன் அடிப்படையில் மாணவரைப் பிரித்து உட்கார வைக்கக் கூடாது, பொதுவில் அவமானப்படுத்தக் கூடாது என்பது இன்னொன்று.

இந்த இரண்டாவது, கல்லூரிகளின் ரெமிடியல் நடைமுறையையே நேராகத் தொடுகிறது. அறிவிப்புப் பலகையில் 'மெல்லக் கற்போர்' பட்டியல், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும் அரியர் எண்ணிக்கை, விடைத்தாள் கொடுக்கும்போது மதிப்பெண்ணை உரக்கப் படிப்பது, எல்லாம் அவமானத்தின் வடிவங்களே. சிறப்பு வகுப்புக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்துவிட்டு, வர வேண்டியவரிடம் மட்டும் தனியாகச் சொல்லும் துறைகள் இருக்கின்றன. செலவு ஏதுமில்லை. ஆலோசகர் விஷயத்திலும் ஓர் எளிய மாற்றம் தேவை. புகாருக்கு ஆளானவரை மட்டும் ஆலோசகரிடம் அனுப்பினால், அந்த அறை தண்டனை அறையாகிவிடும்; அதன்பிறகு மனம் நொந்த மாணவர் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்.

கல்லூரி எடுத்த முடிவு நியாயமில்லை என்று கருதும் மாணவருக்கு 2023 யுஜிசி குறைதீர்ப்பு ஒழுங்குமுறை வழி தருகிறது. முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழு. அது 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தியில்லை என்றால் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளர். ஓய்வுபெற்ற துணைவேந்தர், ஓய்வுபெற்ற பேராசிரியர், முன்னாள் மாவட்ட நீதிபதி ஆகியோரில் ஒருவரே இப்பதவிக்கு வரலாம். மேல்முறையீட்டை 30 நாட்களில் முடிக்க அவர் முயல வேண்டும். ராகிங் புகாருக்கு 24 மணிநேரமும் 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் பெற்றோர், கட்டண ரசீதோடு மென்டார் யார், குறைதீர்ப்புக் குழுவில் யார் யார் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இன்டர்னல் முடிந்த வாரத்திலேயே, கல்லூரி கூப்பிடும்வரை காத்திருக்காமல், அந்த மென்டாரைப் போய்ப் பாருங்கள்.